ரெய்டு ஒன்று போதும்

சுகிர்தாவுக்கு வாய் நீளம் என்று எங்கள் ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. அவள் வாய் எல்லோருக்கும் இருக்கிற அளவுதான். கேட்கிறவர்களுக்குத்தான் நெஞ்சில் தெம்பு போதாது.

நெடுங்காடு போகிற சாலையில் சிவநாதன் வைத்திருக்கும் அறுவடை மெஷின் வாடகை நிலையத்தில் அவள் வேலை பார்க்கிறாள். அவரிடம் மூன்று மெஷின்கள் உண்டு. ஒன்று டயர் வண்டி, மற்ற இரண்டும் சேற்றில் இறங்குகிற செயின் வண்டி. பொங்கல் கழிந்து சம்பா அறுப்பு தொடங்கிவிட்டால் சுற்றுவட்டாரத்து விவசாயிகள் அத்தனை பேரும் அந்த ஆபீஸ் வாசலில்தான் நிற்பார்கள். பெயரைப் பதிந்துகொண்டு, யார் வயலுக்கு எப்போது மெஷின் போகும் என்று முறை சொல்வது சுகிர்தாவின் வேலை. அறுப்பு முடியும்வரை கலெக்டருக்குக்கூட அவளளவு கும்பிடு விழாது. முடிந்த பிறகு அவளும் நம்மைப்போல ஒரு மனுஷிதான்: பி.காம். படித்தவள், அன்பழகனின் பெண்டாட்டி, அவனோடு சேர்ந்து ஆறு மா நிலம், ஏக்கர் கணக்கில் இரண்டு, பயிர் செய்கிறவள், மாவு புளித்தால் பக்கத்து வீட்டைத் திட்டுகிறவள்.

போன வருஷ அறுப்பின் நடுவில் ஆபீஸ் கம்ப்யூட்டர் செத்துப்போனது. அது சிவநாதனின் அக்கா மகன் செம்பியன் காலேஜில் படித்தபோது வைத்திருந்து, சலித்துப்போய் மாமன் தலையில் கட்டிய பெட்டி. உள்ளே ஒரு பல்லி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் டப்பென்று ஒரு சத்தம், கருகிய வாசனை, அவ்வளவுதான். முறை வரிசை முழுக்க அதற்குள்ளே இருந்தது. சுகிர்தா கண்ணை மூடி யோசித்து, ஞாபகத்திலிருந்தே ஒவ்வொரு பெயராகச் சொல்லி மெஷினை அனுப்பினாள். தன் ஞாபகம் தப்பாது என்று அவளுக்குத் தெரியும். முத்தையனுக்குத் தெரியாது.

முத்தையன் ஊரில் பெரிய குடித்தனக்காரர், தொண்டையும் பெரிது. சுகிர்தா சொன்ன வரிசையில் அவள் வயல் முன்னால் வந்தது, அவர் வயல் பின்னால் வந்தது. அவள் வயல் அறுத்து முடித்து, அவர் வயலுக்கு மெஷின் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அவர் நேராக டீக்கடைக்குப் போய் நின்று, "அந்தப் பொண்ணு முறை தவறிட்டா" என்று நாலு தெருவுக்குக் கேட்கும்படி சொன்னார்.

அவர் சொன்னது மெஷின் முறையைத்தான். ஆனால் ஒரு பெண்ணைப் பற்றி அந்த வார்த்தையைச் சொன்னால், கேட்கிறவன் புத்தி மெஷின் பக்கமா போகும்? திருமலைராயன்பட்டினத்தில் இருக்கிற நாத்தனாருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தபோது அதில் மெஷினும் இல்லை, நெல்லும் இல்லை. "யாரு கூடவாம்?" என்று மட்டும் கேட்டு அன்பழகனுக்கு போன் வந்தது. இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் வரிசையை எடுத்து முத்தையன் மூஞ்சிக்கு நேராகக் காட்டியிருந்தால் அன்றைக்கே வாயடைத்திருக்கும். காட்டுவதற்கு ஒன்றுமில்லை. செத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகவா முடியும்?

அதனால் இந்த வருஷம் நாற்று நட்ட கையோடு அவள் சிவநாதனிடம் போய் நின்றாள்.

"அண்ணே, ஒழுங்கான சர்வர் ஒன்னு வாங்கணுங்க."

"எதுக்கு? நம்ம என்ன ஓட்டலா நடத்துறோம்?"

"வரிசையைப் பத்திரமா வச்சிருக்கிற பெட்டிங்க. பேரு பதிஞ்சா, கரண்டு போனாலும் டிஸ்க்கு செத்தாலும் அழியக்கூடாது. இல்லேன்னா நான் இந்த வருஷம் உக்கார மாட்டேன்."

சிவநாதன் கெட்டவர் இல்லை. ஆனால் எந்த மெஷினையும் குதிரைத்திறன் கேட்டுத்தான் அவருக்கு வாங்கத் தெரியும். "எத்தனை எச்.பி. இருக்கும்?" என்று கேட்டார். பிறகு சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் செம்பியனைக் கேட்டார். செம்பியன் அங்கிருந்தபடியே ஒரு பேங்குக்கு வேண்டியதையெல்லாம் அடுக்கினான். ரெண்டு பிராசஸர், நூத்தி இருபத்தெட்டு ஜிபி மெமரி, குளிர வைக்கத் தனி ரூம். அது தோது இல்லையென்றால் பெட்டியே வேண்டாம், எல்லாவற்றையும் கிளவுடில் போட்டுவிடலாம் என்றான்.

"அப்படீன்னா?"

"மேகம் மாமா. உங்க கணக்கு எல்லாம் மேகத்துல இருக்கும்."

"மேகம் வந்தாத்தாண்டா எங்களுக்குக் கேடு" என்று சிவநாதன் போனை வைத்துவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நாலு தூற்றல் போட்டாலே எங்கள் ஊரில் இன்டர்நெட் படுத்துவிடும். முறை கேட்டுக் கூட்டம் நெருக்குவதும் அந்த நேரத்தில்தான்.

சுகிர்தா தானே பஸ் ஏறி திருமலைராயன்பட்டினம் போனாள். அங்கே ஜுவைரியா என்கிற பெண் கம்ப்யூட்டர் கடை நடத்துகிறாள். விற்பது, பழுது பார்ப்பது, அதற்குள் ஓடவேண்டியதை எழுதித் தருவது எல்லாம் அவள்தான். அவளுக்குப் பேச்சு எக்ஸ்பிரஸ் வண்டி, நடுவில் நிறுத்தம் கிடையாது. ஆனால் செம்பியன் கேட்காத ஒரு கேள்வியை முதலில் கேட்டாள்.

"ஒரே நேரத்துல எத்தனை பேரு அதைப் பாப்பீங்க அக்கா?"

"நான் ஒருத்தி. அப்புறம் மூணு டிரைவருங்க போன்ல பாப்பாங்க."

"அதுக்கு எதுக்கு இம்புட்டுப் பெருசு? சின்னப் பெட்டி போதும். ஆனா மெமரி மட்டும் நல்லதாப் போட்டுருவோம். தான் பண்ற தப்பைத் தானே கண்டுபிடிச்சுத் திருத்திக்கிற மெமரி இருக்கு."

"அப்படி ஒரு ஆளு எங்க ஊருல கெடையாது. அதைக் கண்டிப்பாப் போடு" என்றாள் சுகிர்தா.

கரண்ட் போனால் தாங்க ஒரு யு.பி.எஸ். உப்புக்காற்று படாமல், வெள்ளம் வந்தாலும் எட்டாமல், உயரத்தில் ஒரு ஸ்டாண்ட். டிஸ்க் மட்டும் ஒன்றுக்கு இரண்டு. ஒன்றில் எழுதுவதை அப்படியே மற்றதிலும் எழுதவைக்கும் ஏற்பாடு அது. ஒன்று செத்தாலும் மற்றது நிற்காமல் ஓடும். இரண்டும் ஒரே சமயத்தில் தயாரானதாக இருக்கக்கூடாது என்றாள் ஜுவைரியா. ஒன்றாகப் பிறந்தது ஒன்றாகவே போய்ச் சேர்ந்துவிடுமாம். அதற்கும் மேலே, தினமும் சாயங்காலம் ஒரு நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டியில்தானே இருக்கின்றன, பெட்டியையே எவனாவது தூக்கிக்கொண்டு போனால் என்ன செய்வது?

சுகிர்தா தன் பங்குக்கு ஒன்று கேட்டாள். "பேரு பதிஞ்சதுக்கு அப்புறம் நானே நெனச்சாலும் வரிசையை மாத்த முடியக்கூடாது."

"யாராச்சும் தன் முறையை விட்டுக் குடுத்தா?"

"அவருக்கு அடுத்து நிக்கிறவங்களுக்குப் போவட்டும். விட்டவரு கடைசிக்குப் போவட்டும். யாரும் யாரையும் கை காட்டி இவருக்குக் குடுன்னு சொல்ல வேணாம்."

"நாளைக்கு உங்களுக்கே ஒரு அவசரம்னா?"

"எனக்கென்ன அவசரம்?"

இதுவரை எல்லாம் சரியாகப் போனது. கம்ப்யூட்டர்காரர்கள் தங்கள் சாமான்களுக்குப் பெயர் வைக்கும்போது நம்மையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒன்றைப் பார்த்து மற்றது எழுதிக்கொள்ளும் அந்த இரட்டை டிஸ்க் ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ரெய்டு. அதில் பல வகை, வகைக்கு ஒரு நம்பர். இரண்டு டிஸ்க்குக்கு ரெய்டு ஒன்று. இன்னும் பெரிய ஆபீஸ் என்றால் ரெய்டு அஞ்சு.

நம் சிவநாதனுக்குத் தெரிந்த ரெய்டு வேறு. எங்கள் ஊர் யூனியன் பிரதேசத்தில் இருக்கிறது; எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் டீசல் விலை அதிகம் என்பதால், அங்கே கொண்டுபோய் விற்க ஆபீஸ் பின்கட்டில் ஒரு ஷெட்டிலும் களத்துமேட்டில் ஒரு ஷெட்டிலும் அவர் டீசல் பீப்பாய் அடுக்கியிருந்தார். மெஷினுக்குத் தேவை என்பார். மூன்று மெஷின் அவ்வளவு குடித்தால் வயிறு வெடித்துச் செத்துவிடும். லைசென்ஸ் எதுவும் கிடையாது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், சுகிர்தா சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு சேத்தூர் போயிருந்த நேரத்தில், சிவநாதன் போனுக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பெயரைச் சொல்ல மறந்துவிட்டு, ஜுவைரியா வழக்கமான வேகத்தில் பேசியிருந்தாள்.

"அண்ணே, இன்ஷா அல்லாஹ் திங்கக்கெழம காலையில ஆபீசுக்கு வந்து ரெய்டு போட்டுர்றோம். உங்களுக்கு அஞ்செல்லாம் வேணாம், ரெய்டு ஒன்னு போதும். ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கணும் பாத்துக்குங்க. அப்பத்தான் ஒன்னு போனாலும் இன்னொன்னு காட்டிக் குடுக்கும்."

சிவநாதன் அதை உட்கார்ந்து கேட்டார், நின்று கேட்டார், கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். எப்படிக் கேட்டாலும் ஒரே அர்த்தம்தான். திங்கட்கிழமை ரெய்டு. இரண்டு ஷெட்டும் அவர்களுக்குத் தெரியும். ஒன்றைக் காலி செய்தாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும். அஞ்சு தடவை வரவேண்டியவர்களை இந்தப் புண்ணியவதி ஒன்றோடு நிறுத்திவைத்திருக்கிறாள். அதிகாரிகளுக்குள்ளும் தனக்காக இரங்க ஒரு நல்ல மனசு இருக்கிறதே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப நன்றிம்மா, ஒன்னோட முடிச்சிடச் சொல்லுங்க" என்று பதில் அனுப்பினார். அந்தப் பக்கத்திலிருந்து கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் ஓடுகிற எல்லா வண்டிக்கும் டேங்க் நிரம்பியது. கொட்டினால் வாசனை காட்டிக்கொடுக்கும், வேறு இடத்துக்கு ஏற்றிப்போனால் வழியில் பிடிப்பார்கள் என்று, சிவநாதன் வந்தவர் போனவர்களுக்கெல்லாம் டீசலைச் சும்மா ஊற்றிக் கொடுத்தார். டிராக்டர் வந்தது, ஆயில் என்ஜின் வந்தது, மினி லாரி வந்தது. பெட்ரோல் மொபெட் வைத்திருக்கிறவர்கூட ஒரு கேனோடு வந்து வரிசையில் நின்றார். எதற்குத் தர்மம் செய்கிறார் என்று கேட்டதற்கு, சிவநாதன் தன் அம்மாவின் திவசம் என்றார். கேனைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் அவருடைய அம்மாவும் இருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் சிவநாதன் வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, ஆபீஸ் வாசலில் நின்றார். ஸ்கூட்டரில் ஒரு அட்டைப்பெட்டியோடு ஜுவைரியா வந்து இறங்கினாள்.

"வாங்கம்மா" என்று கும்பிட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் சாலையைப் பார்த்தார். "ஆபீசருங்க வண்டியில வர்றாங்களா?"

"எந்த ஆபீசருண்ணே? நான் மட்டுந்தான் வந்தேன்."

"ரெய்டு?"

"இந்தா இருக்கு" என்று அவள் அட்டைப்பெட்டியைத் தட்டிக் காட்டினாள்.

அப்போதுதான் வேலைக்கு வந்த சுகிர்தா, விஷயம் புரிந்ததும் சிரித்த சிரிப்பில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிவநாதன் சிரிக்கவில்லை. பீப்பாய் பீப்பாயாகப் போனது அவர் டீசல். ஒரு டிஸ்க் போதும், இரண்டாவது வேண்டாம், அந்தப் பெயரே இந்த ஆபீஸ் நிலைப்படியைத் தாண்டக்கூடாது என்று கத்தினார்.

சுகிர்தா சிரிப்பை நிறுத்தி எழுந்தாள். "அப்போ நான் கெளம்புறேண்ணே. இந்த வருஷம் முறையை நீங்களே உக்காந்து கூப்பிடுங்க."

முத்தையன் மாதிரி நூறு பேருக்கு நடுவில் தான் மட்டும் உட்கார்ந்திருப்பதை சிவநாதன் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தார். அதற்கு நிஜமான ரெய்டே பரவாயில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். "சரி, போட்டுத் தொலைங்க. ஆனா பேரை மாத்துங்க. ஸ்டெப்னின்னு சொல்லுங்க. டயருக்கு இருக்கிற மாதிரி."

"அந்தப் பேரு வேணாங்கண்ணே" என்றாள் சுகிர்தா. "என்னைப் பத்தி ஊருல இருக்கிற பேச்சே போதும். ஆபீஸ்ல ஸ்டெப்னி இருக்குன்னு வேற சொல்லணுமா?" கடைசியில் அதற்கு ஜோடி என்று பெயர் வைத்தார்கள்.

அறுப்பு தொடங்கியது. சுகிர்தா திரையை வாசல் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். யார் வேண்டுமானாலும் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். இந்த வருஷம் அவள் பெயர் முத்தையன் பெயருக்கும் பதினோரு பேர் பின்னால் இருந்தது. எல்லோருக்கும் பதிந்து கொடுத்துவிட்டுத்தான் தன் பெயரைப் பதிந்தாள் அந்த மடச்சி. இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் ஒன்றுமில்லை.

பாதி அறுப்பில் ஒருநாள் பெட்டி கீகீயென்று கத்தி, சிவப்பு விளக்கு எரிந்தது. வாசலில் இருந்த கூட்டம் திரையை எட்டிப் பார்த்தது. சுகிர்தாவின் முகத்தில் ரத்தம் இல்லை. "ஆரம்பிச்சாச்சா?" என்று பின்னாலிருந்து முத்தையன் குரல் வந்தது. அவள் ஜுவைரியாவுக்கு போன் போட்டாள்.

"பயப்படாதீங்க அக்கா. டிஸ்க்கு ஒன்னு மவுத்தாயிருச்சு, அவ்வளவுதான். ஜோடி ஓடுதுல்ல? நாளைக்கு வந்து புதுசு மாட்டுறேன்."

திரையில் ஒரு பெயர்கூட அசையவில்லை. முத்தையன் முன்னால் வந்து, விரலை வைத்து மேலிருந்து கீழே எல்லாப் பெயரையும் படித்தார். தன் பெயர் நேற்று இருந்த இடத்திலேயே இருந்தது. போய் வரிசையில் நின்றார். அன்று சுகிர்தா வீட்டுக்குப் போய்ப் பாயசம் வைத்தாள். எதற்கு என்று கேட்ட அன்பழகனிடம் சும்மாதான் என்றாள்.

பாயசத்தின் இனிப்பு நாக்கில் இருக்கும்போதே மழை வந்தது. தை மாதத்தில் வரக்கூடாத மழை. இரண்டு நாள் அடித்து ஓய்ந்தபோது சுகிர்தாவின் ஆறு மாவும் தண்ணீரில் படுத்துக் கிடந்தது. இன்னும் ஓரிரு நாள் போனால் கதிர் முளைவிட்டுவிடும். டயர் வண்டிக்கு வேலையில்லை. செயின் வண்டி இரண்டும் மறுபடி கிளம்பத் தயாராக நின்றன. அடுத்த முறை முத்தையனுடையது. அவர் இந்த வருஷம் தாமதித்துப் பின்பட்டத்தில் நட்டிருந்ததால் பயிர் இன்னும் பச்சை ஓடி நிமிர்ந்து நின்றது. ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும்.

அவர் ஆபீசுக்கு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். "ஒன் வயலைப் பாத்துட்டுத்தான் வர்றேன். என் முறையை நீ எடுத்துக்க."

நம்பமுடியாத விஷயம்தான், ஆனால் நடந்தது. "அப்படி முடியாதுங்க பெரியப்பா" என்றாள் சுகிர்தா.

"ஏன் முடியாது? என் முறை, நான் குடுக்குறேன்."

"நீங்க விட்டா அடுத்து நிக்கிற பூவாயி அக்காவுக்குத்தான் போவும். நீங்க கடைசிக்குப் போயிருவீங்க. எனக்கு வராது."

"பூவாயிக்கு நான் எதுக்குக் குடுக்கணும்? அவளா எனக்குப் பொங்கிப் போடுறா? உனக்குத்தான் குடுக்குறேன். மாத்திப் போடு."

"மாத்துறதுக்கு வழியே இல்லீங்க."

"எந்தக் கூறுகெட்டவன் இப்படி ஒரு பெட்டியைச் செஞ்சான்?"

"நான்தாங்க கேட்டு வாங்குனேன்" என்றாள் சுகிர்தா. சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் தளும்பிவிட்டது. அவள் அழுது அந்த ஆபீசில் யாரும் பார்த்ததில்லை. சிவநாதன் எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். பாவம், அவருக்குத் தெரிந்த உதவி அதுதான்.

முத்தையன் அந்தப் பெட்டியை முறைத்தார். பிறகு வெளியே வந்து, வாசலில் நின்ற அத்தனை பேரையும் பார்த்து, போன வருஷம் போட்ட அதே சத்தத்தில் சொன்னார்.

"அந்தப் பொண்ணு முறை தவறலைடா. நான் கெஞ்சியும் தவற மாட்டேங்குது."

சாயங்காலம் சுகிர்தா வயலுக்குப் போனாள். அன்பழகன் முழங்கால் தண்ணீரில் நின்று, படுத்த பயிரைக் கொத்துக் கொத்தாக நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தான். வரப்பில் நின்றபடியே அவள் நடந்ததைச் சொன்னாள். முறை நமக்கு வர இன்னும் நாலைந்து நாள் ஆகும், அதற்குள் பாதிக்கு மேல் முளைத்துவிடும், மாற்றிப் போட முடியாதபடி செய்தது நான்தான், திட்டுவதென்றால் திட்டுங்க என்றாள்.

அவன் திட்டவில்லை. "முத்தையன் என்ன சொன்னாருன்னே?" என்று கேட்டான்.

அவள் மறுபடி சொன்னாள்.

"எல்லாரும் இருக்கறப்பவா?"

"ஆமாங்க. ரோட்டுக்கே கேட்டிருக்கும்."

அன்பழகன் கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தான். வாய்க்காலில் காலைக் கழுவினான், முகத்தைக் கழுவினான், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் ஏறினான்.

"எங்க கெளம்பிட்டீங்க? வேலை அப்படியே கெடக்கே."

"டீக்கடைக்குப் போயி ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன்."

போன அறுப்பிலிருந்து இன்றுவரை அவன் உள்ளூர்க் கடையில் டீ குடித்து அவள் பார்த்ததில்லை. நெடுங்காடு வரைக்கும் சைக்கிள் மிதித்துப் போய்க் குடித்துவிட்டு வருவான். அங்கே டீ நன்றாக இருக்கிறது என்பான், அவளும் நம்பியிருந்தாள். வரப்போடு அவன் வேகவேகமாக நடந்து போவதை நின்று பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, அவன் விட்ட இடத்திலிருந்து கட்டத் தொடங்கினாள்.